ஆல்ஃபிரட் ஸ்லோன்: மாற்றத்தை நிர்வகித்தவரும் மாற்றத்தின் விலையும்

அமெரிக்காவின் மிகப்பெரிய கார் உற்பத்தி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், 2009 ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாம் தேதி, திவால் பாதுகாப்புக் கோரி நியூயார்க் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தது. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னர், அமெரிக்காவில் விற்பனையான கார்களில் இரண்டில் ஒன்றைத் தயாரித்துக் கொண்டிருந்த நிறுவனம் அது.

அந்த வீழ்ச்சி குறித்து எழுந்த விவாதங்களில், 43 ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துபோன ஒருவரின் பெயர் திரும்பத் திரும்ப அடிபட்டது. அவர்தான் ஆல்ஃபிரட் பி. ஸ்லோன்.

ஒரு பெரிய வணிக நிறுவனத்தை எவ்வாறு மாற்றியமைப்பது என்ற கேள்விக்கு, இருபதாம் நூற்றாண்டில் மிக அதிகம் பின்பற்றப்பட்ட விடையை அளித்தவர் அவர். அவர் வகுத்த அமைப்பு முறை கார் தொழிலையும் கடந்து, உலகெங்கும் பல துறைகளைச் சேர்ந்த பெருநிறுவனங்களுக்கு முன்மாதிரியானது. ஆனால் அந்த மாற்றத்தின் விலையை யார் செலுத்தினார்கள் என்ற கேள்வி, அவரது வாழ்நாளிலேயே அவரது தொழிற்சாலைகளுக்குள் எழுந்தது. அதற்கு அவரிடம் நிறைவான விடை இருக்கவில்லை.

பேரிங் பட்டறையில் ஒரு பொறியாளர்

ஸ்லோன் 1875 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் தேதி, கனெக்டிகட் மாநிலத்தின் நியூஹேவன் நகரில் பிறந்தார். அவரது தந்தை தேயிலை, காப்பி ஆகியவற்றை மொத்தமாக விற்கும் வணிகர். ஸ்லோனுக்குப் பத்து வயதிருக்கும்போது குடும்பம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின் பொறியியல் பயின்று, 1895 இல் பட்டம் பெற்றார். அதன் பின்னர் நியூஜெர்சியில் இருந்த ஹையாட் ரோலர் பேரிங் என்ற சிறிய நிறுவனத்தில் மாதம் 50 டாலர் ஊதியத்தில் சேர்ந்தார். அங்கு அப்போது சுமார் 25 பேரே வேலை பார்த்தனர். நிறுவனம் நட்டத்தில் இயங்கிக் கொண்டிருந்தது.

1898 இல் அது மூடப்படும் நிலைக்கு வந்தபோது, ஸ்லோனின் தந்தையும் வேறொரு முதலீட்டாளரும் சேர்ந்து 5,000 டாலர் போட்டனர். நிலைமையைச் சீர்செய்ய ஸ்லோனுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் ஆறு மாதங்கள். அந்த ஆறு மாதங்களில் நிறுவனம் 12,000 டாலர் லாபம் ஈட்டியது. அப்போது அவருக்கு வயது 23.

கார் தொழில் அமெரிக்காவில் அப்போதுதான் தலையெடுத்துக் கொண்டிருந்தது. சக்கர அச்சு தடையின்றிச் சுழல பேரிங்குகள் தேவைப்பட்டன. ஓல்ட்ஸ், ஃபோர்ட், காடிலாக் ஆகிய நிறுவனங்கள் ஹையாட்டின் வாடிக்கையாளர்கள் ஆயின.

காடிலாக்கின் தலைவர் ஹென்றி லேலண்ட், துல்லியத்தில் சிறிதும் விட்டுக்கொடுக்காதவர். ஹையாட் அனுப்பிய பேரிங்குகளை அளந்து பார்த்து, அளவுகள் ஒன்றுபோல் இல்லாததைச் சுட்டிக்காட்டி, இளைஞர் ஸ்லோனை அவர் கடுமையாகக் கண்டித்தார். ஆயிரக்கணக்கில் ஒரு பொருளைச் செய்யும்போது ஒவ்வொன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற பாடத்தை அன்று கற்றதாக ஸ்லோன் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். பொருட்களுக்குக் கற்ற அந்தப் பாடத்தையே அவர் பின்னர் நிர்வாகத்துக்கும் பொருத்தினார்.

டுரான்ட்டின் சாம்ராஜ்யம்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தை 1908 ஆம் ஆண்டு செப்டம்பரில் நிறுவியவர் வில்லியம் டுரான்ட். மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் குதிரை வண்டிகள் தயாரித்துப் பெரும் செல்வம் சேர்த்தவர் அவர். கார் நிறுவனங்களையும் உதிரிப்பாக நிறுவனங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக் குவித்தார். 1910 இல் கடன் நெருக்கடியால் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை வங்கியாளர்களிடம் இழந்தார். பின்னர் செவர்லே நிறுவனத்தைத் தொடங்கி, அதன் பலத்தைக் கொண்டு 1916 இல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைமையை மீண்டும் கைப்பற்றினார்.

அதே 1916 இல் ஹையாட் நிறுவனத்தையும் டுரான்ட் விலைக்கு வாங்கினார். விலை ஒரு கோடியே 35 லட்சம் டாலர்கள். உதிரிப்பாக நிறுவனங்களை ஒன்றிணைத்து உருவாக்கிய யுனைடெட் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஸ்லோனைத் தலைவராக்கினார். 1918 இல் அது ஜெனரல் மோட்டார்ஸுடன் இணைக்கப்பட்டபோது, ஸ்லோன் அதன் துணைத் தலைவர்களில் ஒருவரானார்.

உள்ளே வந்து பார்த்தபோது அவருக்குக் கவலையே மேலிட்டது. டுரான்ட் தொலைநோக்கு உடையவர், அன்பானவர். ஆனால் எல்லா முடிவுகளும் அவருடைய மனத்தில்தான் இருந்தன. எந்தப் பிரிவு எவ்வளவு சம்பாதிக்கிறது, எது நட்டத்தில் ஓடுகிறது என்பது எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. பிரிவுத் தலைவர்கள் தம் விருப்பப்படி கச்சாப் பொருட்களை வாங்கினர். புதிய முதலீட்டுத் திட்டங்களை முன்வைத்தவர்கள், ஒருவர் திட்டத்தை மற்றவர் ஆதரித்து நிறைவேற்றிக் கொண்டனர்.

இந்நிலையை மாற்றுவது குறித்து ஸ்லோன் ஒரு விரிவான ஆய்வறிக்கையை எழுதி டுரான்ட்டிடம் கொடுத்தார். டுரான்ட் அதை மறுக்கவும் இல்லை, செயல்படுத்தவும் இல்லை. 1920 கோடையில் ஸ்லோன் விடுப்பு எடுத்துக்கொண்டு ஐரோப்பா சென்றார். பதவி விலகுவது பற்றி அவர் அப்போது தீவிரமாக யோசித்துக் கொண்டிருந்தார்.

அவர் திரும்பி வந்தபோது நிலைமை தலைகீழாகியிருந்தது. முதலாம் உலகப் போருக்குப் பிந்தைய பொருளாதாரச் சரிவு கார் விற்பனையை முடக்கியிருந்தது. கிடங்குகளில் கச்சாப் பொருட்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. சரிந்து கொண்டிருந்த பங்கு விலையைத் தாங்கிப் பிடிக்க, கடன் வாங்கிப் பங்குகளை வாங்கிய டுரான்ட் கோடிக்கணக்கான டாலர் கடனில் மூழ்கியிருந்தார். நிறுவனத்தின் பெரும் பங்குதாரர்களான டு பாண்ட் குழுமத்தினரும், ஜே.பி. மோர்கன் வங்கியும் தலையிட்டு அவரது பங்குகளை வாங்கிக்கொண்டனர். 1920 நவம்பர் 30 ஆம் தேதி டுரான்ட் பதவி விலகினார். 1936 இல் திவாலான அவர், தமது இறுதிக்காலத்தில் ஃபிளின்ட் நகரில் ஒரு பௌலிங் விளையாட்டுக் கூடத்தை நடத்திவந்தார்.

முரண்பட்ட இரு கோட்பாடுகள்

புதிய தலைவராகப் பொறுப்பேற்ற பியர் டு பாண்ட் கார் தொழில் அறிந்தவர் அல்லர். ஆனால் டுரான்ட்டிடம் கிடப்பில் இருந்த ஸ்லோனின் ஆய்வறிக்கையின் மதிப்பை அவர் உணர்ந்தார். 1920 இறுதியில் அது நிறுவனத்தின் புதிய அமைப்பாக ஏற்கப்பட்டது.

அந்த அறிக்கை இரண்டு கோட்பாடுகளை அடிப்படையாகக் கொண்டது. முதலாவது, ஒவ்வொரு பிரிவின் தலைவருக்கும் தமது பிரிவை நடத்துவதில் முழுப் பொறுப்பும் அதிகாரமும் இருக்க வேண்டும் என்பது. இரண்டாவது, நிறுவனம் முழுவதன் வளர்ச்சியையும் கட்டுப்பாட்டையும் உறுதிசெய்யச் சில பணிகள் தலைமையகத்திடமே இருக்க வேண்டும் என்பது.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்பது வெளிப்படை. ஸ்லோனும் அதைப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த முரண்பாடுதான் பிரச்சினையின் மையம் என்பது அவர் வாதம். அதிகாரம் முழுவதும் மேலே குவிந்தால் கீழே உள்ளவர்கள் சிந்திப்பதை நிறுத்திவிடுவார்கள். முழுவதும் கீழே விடப்பட்டால் நிறுவனம் சிதறிவிடும். இரண்டுக்கும் இடையிலான சமநிலையை ஒவ்வொரு சூழலிலும் புதிதாகத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

இதற்கு அவர் கையாண்ட கருவிகள் இரண்டு. ஒன்று கணக்கு. டு பாண்ட் நிறுவனத்திலிருந்து வந்த நிதி நிபுணர் டொனால்ட்சன் பிரவுன், ஒவ்வொரு பிரிவும் தன்னிடம் உள்ள முதலீட்டுக்கு எவ்வளவு வருவாய் ஈட்டுகிறது என்பதை ஒரே அளவுகோலால் அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். பிரிவுத் தலைவரின் கையைப் பிடித்து நடத்தாமலேயே, அவர் செல்லும் திசையைத் தலைமையகம் அறிந்துகொள்ள அது வழிசெய்தது.

மற்றது குழுக்கள். எல்லாப் பிரிவுகளுக்குமான கொள்முதலை ஒருங்கிணைக்க வேண்டும் என்ற யோசனை எழுந்தபோது, தங்கள் தேவை தலைமையகத்துக்குத் தெரியாது என்று பிரிவுகள் எதிர்த்தன. ஸ்லோன் உத்தரவிடவில்லை. பிரிவுகளின் பிரதிநிதிகளையே உறுப்பினர்களாகக் கொண்ட கொள்முதல் குழுவை 1922 இல் அமைத்தார். மாற்றத்தால் பாதிக்கப்படுபவர்களே மாற்றத்தின் விதிகளை வகுத்ததால் எதிர்ப்பு தணிந்தது. தொழில்நுட்பம், விளம்பரம், விற்பனை ஆகியவற்றுக்கும் அதே முறை பின்பற்றப்பட்டது.

செப்பு எஞ்சின் கற்பித்த பாடம்

இந்த அணுகுமுறைக்கு எதிரான உதாரணமும் அதே காலகட்டத்தில் அதே நிறுவனத்துக்குள் நிகழ்ந்தது.

நிறுவனத்தின் ஆராய்ச்சித் துறைக்குத் தலைமை தாங்கிய சார்ல்ஸ் கெட்டரிங், திறமைமிக்க கண்டுபிடிப்பாளர். காரின் எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீருக்குப் பதிலாக, செப்புத் தகடுகளின் வழியே காற்றைச் செலுத்தும் எஞ்சினை அவர் வடிவமைத்தார். எடை குறைவு, செலவு குறைவு என்பதால் பியர் டு பாண்ட் அதில் பெரும் நம்பிக்கை வைத்தார். அதைத் தயாரிக்குமாறு பிரிவுகளைப் பணித்தார்.

கார்களை உருவாக்கி விற்க வேண்டிய பிரிவுத் தலைவர்கள் தயங்கினர். சோதனைகள் முழுமை பெறவில்லை என்றனர். கெட்டரிங் தரப்போ, பிரிவுகள் மாற்றத்தை விரும்பாததே தடை என்று கருதியது. இடையில் நின்ற ஸ்லோன், பழைய எஞ்சின் உற்பத்தியும் இணையாகத் தொடர வேண்டும் என்று வலியுறுத்தி, நிறுவனம் ஒரே சூதாட்டத்தில் சிக்காமல் பார்த்துக்கொண்டார்.

1923 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் அறிமுகமான செப்பு எஞ்சின் செவர்லே கார்கள், 759 மட்டுமே தயாரிக்கப்பட்டன. அவற்றில் கோளாறுகள் தொடர்ந்து வெளிப்பட்டதால் விற்கப்பட்டவை திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆண்டு மே மாதம் நிறுவனத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற ஸ்லோன் எதிர்கொண்ட முதல் நெருக்கடிகளில் ஒன்று, மனமுடைந்த கெட்டரிங்கின் பதவி விலகல் விருப்பம்.

ஸ்லோன் அவரைக் குறைகூறவில்லை. பிரிவுகளின் தலையில் சுமத்தாமல், தனி இடத்தில் தமது பொறுப்பில் அந்த எஞ்சினை மேம்படுத்தும் வாய்ப்பை அவருக்கு அளிக்க முன்வந்தார். அந்த எஞ்சின் பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் கெட்டரிங் 1947 வரை நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பணிகளுக்குத் தலைமை தாங்கினார். புதிய யோசனை நல்லதாக இருந்தாலும், அதைச் செயல்படுத்த வேண்டியவர்களின் ஒப்புதலின்றி மேலிருந்து திணித்தால் அது தோற்கும் என்பதே அந்த அனுபவத்திலிருந்து ஸ்லோன் எடுத்துக்கொண்ட முடிவு.

ஃபோர்டை முந்திய விலைப் படிக்கட்டு

1921 இல் அமெரிக்காவில் விற்பனையான கார், டிரக் வாகனங்களில் ஏறத்தாழ 60 சதவீதம் ஹென்றி ஃபோர்டினுடையவை. ஜெனரல் மோட்டார்ஸின் பங்கு சுமார் 12 சதவீதம். அதன் செவர்லேயின் பங்கு 4 சதவீதம் மட்டுமே. அந்நிறுவனத்தின் பல கார்கள் ஒரே விலையில் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கொண்டிருந்தன.

ஃபோர்டின் மாடல் டி காரை மலிவு விலையில் எவராலும் வெல்ல முடியாது என்பதை ஸ்லோன் ஏற்றுக்கொண்டார். அதற்குப் பதிலாக, விலையைப் படிக்கட்டுகளாகப் பிரித்தார். கீழ்ப்படியில் செவர்லே, உச்சியில் காடிலாக், இடையில் ஓக்லாந்து, ஓல்ட்ஸ்மொபைல், பியூக் ஆகியவை. செவர்லே ஃபோர்டைவிடச் சற்று விலை கூடியதாகவும், அந்தக் கூடுதல் விலைக்கு மேலான தரம் உடையதாகவும் இருக்க வேண்டும் என்பது திட்டம். 1926 இல் இந்தப் படிக்கட்டில் பொன்டியாக் சேர்ந்தது.

1919 இல் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் நிதிப் பிரிவு, தவணைமுறையில் கார் வாங்க வழிசெய்தது. பழைய காரைக் கொடுத்துப் புதியதை வாங்கும் பழக்கம் பரவியது. கார் வாங்கிய குடும்பம் வசதி பெருகும்போது அடுத்த படிக்கு ஏறும் என்று ஸ்லோன் கணக்கிட்டார். ஆண்டுதோறும் புதிய தோற்றத்தில் கார்களை வெளியிடும் வழக்கமும் உருவானது. 1927 இல் கார்களின் தோற்றத்தை வடிவமைக்க ஹார்லி ஏர்ல் தலைமையில் தனித் துறை அமைக்கப்பட்டது.

அதே 1927 மே மாதம், ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மாடல் டி கார்களைத் தயாரித்திருந்த ஃபோர்ட், அதன் உற்பத்தியை நிறுத்தினார். மாற்றுக் கார் தயாராக இருக்கவில்லை. அவரது தொழிற்சாலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்து, புதிய மாடல் ஏ அந்த ஆண்டு டிசம்பரில்தான் வெளிவந்தது. மாற்றத்தைக் கடைசி நிமிடம் வரை தள்ளிப்போட்ட நிறுவனத்துக்கும், அதை ஆண்டுதோறும் நிகழும் வழக்கமான பணியாக்கிய நிறுவனத்துக்கும் இடையிலான வேறுபாடு அப்போது வெளிப்பட்டது. முதலிடம் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சென்றது.

கணக்குகளை நம்பிய ஸ்லோன், அவற்றை மட்டும் நம்பியவர் அல்லர். 1924 இல் செயிண்ட் லூயிஸ், கன்சாஸ் சிட்டி, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய நகரங்களுக்குச் சென்றபோது, விற்பனை முகவர்களின் முற்றங்களில் விற்காத கார்கள் நிறைந்திருந்ததை நேரில் கண்டு, உடனடியாக உற்பத்தியைக் குறைக்க உத்தரவிட்டார். அதன் பின்னர் பத்து நாட்களுக்கு ஒருமுறை முகவர்களிடமிருந்து விற்பனை விவரம் பெறும் முறை வந்தது. ஒரு ரயில் பெட்டியையே அலுவலகமாக்கிக்கொண்டு, நகரம் நகரமாகச் சென்று முகவர்களின் கடைகளிலேயே அமர்ந்து அவர்களின் குறைகளைக் கேட்டார்.

1929 இல் தொடங்கிய பெருமந்தத்தில் ஏராளமான கார் நிறுவனங்கள் அழிந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு ஆண்டுகூட நட்டம் காணவில்லை. மிக மோசமான 1932 ஆம் ஆண்டிலும் ஒரு லட்சத்து 65 ஆயிரம் டாலர் லாபம் ஈட்டியது.

ஃபிளின்ட் நகரின் 44 நாட்கள்

ஆனால் முகவர்களைத் தேடிச் சென்று கேட்ட செவிகள், உற்பத்தி வரிசையில் நின்றவர்களின் பக்கம் திரும்பவில்லை.

ஆண்டுதோறும் புதிய மாடல் என்ற ஏற்பாட்டுக்கு மறுபக்கம் ஒன்று இருந்தது. புதிய மாடலுக்காக இயந்திரங்களை மாற்றியமைக்கும் காலங்களில் தொழிலாளர்கள் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், ஊதியமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். யாரை மீண்டும் வேலைக்கு அழைப்பது என்பதை மேற்பார்வையாளர் முடிவு செய்தார். வேலை இருந்த மாதங்களில் உற்பத்தி வரிசையின் வேகம் கூட்டப்பட்டது. வாடிக்கையாளருக்குப் புதுமையையும், பங்குதாரருக்கு நிலையான லாபத்தையும் அளித்த மாற்றம், தொழிலாளிக்கு நிலையின்மையை அளித்தது.

1935 இல் தொழிலாளர்களின் கூட்டுப் பேச்சுவார்த்தை உரிமையை அமெரிக்கச் சட்டம் அங்கீகரித்தது. அதே ஆண்டில் ஐக்கிய கார் தொழிலாளர் சங்கம் உருவானது. நிறுவனமோ தொழிலாளர்களிடையே உளவாளிகளை ஊடுருவச் செய்திருந்தது. 1934 தொடக்கத்திலிருந்து 1936 நடுப்பகுதி வரை தனியார் துப்பறியும் நிறுவனங்களுக்கு அது ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் செலவிட்டதை அமெரிக்க செனட் சபையின் விசாரணைக் குழு ஒன்று வெளிப்படுத்தியது. 1936 இல் நிறுவனத்தின் நிகர லாபம் சுமார் 24 கோடி டாலர்.

அந்த ஆண்டு டிசம்பர் 30 ஆம் தேதி, ஃபிளின்ட் நகரில் கார்களின் உடற்பகுதியைத் தயாரிக்கும் ஃபிஷர் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு உள்ளேயே அமர்ந்தனர். பல பிரிவுகளும் ஒரே அச்சுகளில் உருவாக்கிய உடற்பகுதிகளைப் பகிர்ந்துகொள்ளும் வகையில் ஸ்லோன் செய்திருந்த ஒருங்கிணைப்பு, செலவைப் பெரிதும் குறைத்திருந்தது. அதே காரணத்தால், ஓரிரு தொழிற்சாலைகள் நின்றதும் நிறுவனத்தின் பெரும்பகுதி முடங்கியது.

ஜனவரி 11 ஆம் தேதி காவல்துறையினர் கண்ணீர்ப் புகை வீச, தொழிலாளர்கள் தண்ணீர்க் குழாய்களாலும் இரும்புத் துண்டுகளாலும் எதிர்த்தனர். மாநில ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபி தேசியக் காவல் படையை அனுப்பினார். ஆனால் தொழிலாளர்களை வெளியேற்ற அதைப் பயன்படுத்த மறுத்தார். பெப்ரவரி முதலாம் தேதி, செவர்லே எஞ்சின்களைத் தயாரிக்கும் நான்காம் எண் தொழிற்சாலையையும் தொழிலாளர்கள் கைப்பற்றினர்.

சட்டவிரோதமாக ஆக்கிரமிப்பவர்களுடன் பேசுவதில்லை என்பதில் ஸ்லோன் உறுதியாக இருந்தார். தொழிலாளர் துறை அமைச்சர் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ், சமரச முயற்சியில் ஸ்லோன் வாக்குத் தவறியதாகக் கடும் சினம் கொண்டார். இறுதியில் நிறுவனத்தின் சார்பில் பேச்சுவார்த்தைகளில் ஈடுபட்டவர்களுள் ஒருவர் துணைத் தலைவர் வில்லியம் நுட்சன். 1937 பெப்ரவரி 11 ஆம் தேதி, 44 ஆவது நாளில், வேலைநிறுத்தம் நடந்த 17 தொழிற்சாலைகளில் தொழிற்சங்கத்தை அங்கீகரிக்க நிறுவனம் உடன்பட்டது.

கொள்முதல் குழுவில் பிரிவுப் பிரதிநிதிகளை அமர்த்தி எதிர்ப்பைத் தணித்தவருக்கு, அதே விதி பட்டறைத் தொழிலாளிக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை. மாற்றத்தால் பாதிக்கப்படுபவர்களுக்கு அதில் குரல் வேண்டும் என்ற அவரது சொந்தப் பாடம், நிர்வாகிகளின் அறைக்கு வெளியே செல்லவில்லை.

கணக்கில் வராதவை

அவரது அளவுகோலின் எல்லை வேறு இடங்களிலும் தெரிந்தது. செவர்லே கார்களில் எளிதில் சிதறாத பாதுகாப்புக் கண்ணாடியைப் பொருத்தலாம் என்று டு பாண்ட் நிறுவனத் தலைவர் 1929 இல் யோசனை கூறியபோது, அது லாபத்தைக் குறைக்கும் என்று ஸ்லோன் மறுத்தார். விபத்துகளைத் தடுப்பது தமது நிறுவனத்தின் வேலை அல்ல என்பது அவரது நிலைப்பாடாக இருந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1929 இல் ஜெர்மனியின் ஓப்பெல் நிறுவனத்தில் 80 சதவீதப் பங்குகளை வாங்கியிருந்தது. நாஜி ஆட்சியில் அங்கு தொடர்ந்து தொழில் நடத்துவது குறித்து 1939 இல் கேள்வி எழுந்தபோது, ஒரு நாட்டின் உள்விவகாரம் வணிக நிறுவனத்தின் கவலை அல்ல என்று அவர் வாதிட்டார். அதே வேளையில், சொந்த நாட்டில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் சமூக நலத் திட்டங்களை எதிர்த்த அமைப்புகளுக்கு அவர் நிதி வழங்கினார்.

தனிப்பட்ட வாழ்வில் அவர் எளிமையான பழக்கங்கள் கொண்டவர். காது மந்தம். பிள்ளைகள் இல்லை. டிட்ராய்ட் செல்லும்போது, நிறுவனக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்த ஒரு சிறு அறையில் தங்கினார். நிறுவனத்துக்குள் எவருடனும் நட்புக் கொள்வது பாரபட்சத்துக்கு இடமளிக்கும் என்று அதைத் தவிர்த்தார்.

பேராசிரியரின் நூல்

1937 இல் ஸ்லோன் நிர்வாகக் குழுத் தலைவரானார். நுட்சன் தலைவர் பொறுப்புக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 இல், நிறுவனத்தை உள்ளிருந்து ஆராயுமாறு பீட்டர் டிரக்கர் என்ற இளம் பேராசிரியர் அழைக்கப்பட்டார். ஆஸ்திரியாவில் பிறந்து, நாஜிகளின் எழுச்சியால் ஐரோப்பாவை விட்டு வெளியேறியவர் அவர்.

எல்லோரும் ஒரே கருத்தில் இருந்தால் முடிவை ஒத்திவைத்து, மாற்றுக்கருத்து உருவாக அவகாசம் அளிப்பது ஸ்லோனின் வழக்கம் என்று டிரக்கர் பின்னர் எழுதினார். ஒரு சிறு பிரிவின் கீழ்நிலைப் பதவிக்குத் தகுந்தவரைத் தேர்ந்தெடுக்க உயர்குழு மணிக்கணக்கில் விவாதித்ததையும் அவர் வியப்புடன் பதிவு செய்திருக்கிறார்.

1946 இல் வெளிவந்த டிரக்கரின் நூல் ஸ்லோனின் அமைப்பைப் பாராட்டியது. ஆனால் இருபதாண்டுப் பழமையான கொள்கைகளை நிறுவனம் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும், தொழிலாளர்களை வெறும் செலவாகக் கருதாமல் அவர்களுக்குப் பணியிடத்தில் பொறுப்பு அளிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நிறுவனத்தின் உயரதிகாரிகள் அதை ஏற்கவில்லை. ஒரு காலத்தில் ஸ்லோனின் அறிக்கை டுரான்ட்டின் மேசையில் கிடந்ததுபோல, டிரக்கரின் யோசனையும் கிடந்தது.

1950 இல் தொழிற்சங்கத்துடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. ஓய்வூதியமும், விலைவாசிக்கேற்ற ஊதிய உயர்வும் தொழிலாளர்களுக்குக் கிடைத்தன. ஆனால் உற்பத்தியை எவ்வாறு நடத்துவது என்பதில் குரல் கிடைக்கவில்லை.

ஸ்லோன் 1956 இல் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அவரது நினைவுக் குறிப்புகள் 1964 இல் வெளிவந்தன. ஏகபோகத் தடைச் சட்ட வழக்குகளுக்கு அது இடமளிக்கலாம் என்ற அச்சத்தால், நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் பல ஆண்டுகள் அதன் வெளியீட்டைத் தடுத்திருந்தனர். நூலை எழுத உதவிய பத்திரிகையாளர் ஜான் மெக்டொனால்ட் வழக்குத் தொடுத்த பின்னரே தடை விலகியது. 1966 பெப்ரவரி 17 ஆம் தேதி, தமது 90 ஆவது வயதில், ஸ்லோன் நியூயார்க்கில் காலமானார். அவர் பெயரிலான அறக்கட்டளையும், புற்றுநோய் ஆய்வு மையமும், அவர் படித்த கழகத்தின் மேலாண்மைப் பள்ளியும் இன்றும் இயங்குகின்றன.

விட்டுச்சென்ற கேள்வி

அவர் மறைந்து 18 ஆண்டுகளுக்குப் பின்னர், டிரக்கரின் யோசனைக்கு எதிர்பாராத ஒரு சோதனைக் களம் கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1982 இல் மூடிய கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்ட் தொழிற்சாலை, ஜப்பானின் டொயோட்டாவுடனான கூட்டு முயற்சியாக 1984 இல் மீண்டும் திறக்கப்பட்டது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழையவர்களே. மாறியது முறைதான். தவறு கண்ட தொழிலாளி எவரும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்ற அதிகாரம் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. விரைவிலேயே அங்கு தயாரான கார்கள் ஜெனரல் மோட்டார்ஸின் ஏனைய தொழிற்சாலைகளைத் தரத்தில் விஞ்சின. ஆனால் அந்த அனுபவத்தைத் தன் மற்றத் தொழிற்சாலைகளுக்கு உரிய காலத்தில் பரப்ப அந்நிறுவனத்தால் இயலவில்லை.

ஸ்லோனின் படிக்கட்டும் காலப்போக்கில் குலைந்தது. வெவ்வேறு பெயர்களில் ஏறத்தாழ ஒரே கார் விற்கப்படும் நிலை வந்தது. ஓல்ட்ஸ்மொபைல் 2004 இலும், பொன்டியாக் திவாலுக்குப் பின்னர் 2010 இலும் முடிவுக்கு வந்தன. அமெரிக்க அரசு சுமார் 5,000 கோடி டாலர் வழங்கி நிறுவனத்தை மீட்டது.

2014 இல், எஞ்சினை இயக்கும் சாவி விசையில் இருந்த குறைபாடு உயிரிழப்புகளுக்குக் காரணமானது அம்பலமாகி, நிறுவனம் நியமித்த வழக்கறிஞரின் விசாரணை அறிக்கை வெளிவந்தது. குழுக்களில் அனைவரும் தலையசைத்து ஒப்புக்கொண்டு, அறையை விட்டு வெளியேறியதும் எவரும் எதையும் செய்யாமல் விட்ட வழக்கத்தை அது விவரித்தது. அனைவரும் உடன்பட்டால் முடிவைத் தள்ளிவைத்தவர் கட்டிய நிறுவனத்தில், குழுக்கள் மட்டும் எஞ்சியிருந்தன. மாற்றுக்கருத்தைத் தேடிய பழக்கம் மறைந்திருந்தது.

உலகின் பல நாடுகளில் நிறுவனங்கள் மறுசீரமைப்பு என்ற பெயரில் தொழிற்சாலைகளை மூடுவதும், பிரிவுகளை இணைப்பதும், ஆட்களைக் குறைப்பதும் வழக்கமாகிவிட்டன. அத்தகைய முடிவுகளை எடுப்பவர்கள் பயிலும் பாடங்களில் பலவற்றை ஸ்லோன் நூறாண்டுகளுக்கு முன்னரே நடைமுறைப்படுத்திக் காட்டியிருந்தார். அவற்றுள் மிக மதிப்புள்ளது, மாறவேண்டியவர்களை முடிவெடுக்கும் மேசையில் அமர்த்தியதுதான். அந்த மேசையில் ஃபிளின்ட் தொழிலாளிக்கு அவர் நாற்காலி போடவில்லை என்பதும் அதே வரலாற்றின் பகுதி.